பேதி உப்பும் கலங்கிய குழாயும்

மெல்போர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, புதிதாக டொக்டரான பிள்ளைகள் யாராவது வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். “அன்ரி, ஹொஸ்பிட்டலில வேலை தொடங்கப் போறன். ஏதாவது அட்வைஸ் சொல்லுங்கோ” என்பார்கள். “முதல்ல தட்டை எடு பிள்ளை, வடை முடியப் போகுது” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அட்வைஸ் எனக்கு வராது. எனக்கு வருவது விடுப்பு. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். சின்ன வயதில் என்னை வீட்டில் விடுப்புக்காரி என்றுதான் ஏசுவார்கள். அந்தக் குணத்துக்குத்தான் மெல்போர்ன் ஆஸ்பத்திரிகள் எனக்கு இவ்வளவு காலம் சம்பளம் தந்தன என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

இன்றைக்கு ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். ஒரே ஒரு கதைதான். நான் டொக்டர் ஆகுவதற்கு முன்னால், டொக்டருக்குப் படிக்கத் தகுதி எடுப்பதற்காகப் படித்த காலத்துக் கதை.

எழுபதுகளில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. தமிழில் சோதனை எழுதிய பிள்ளைகள் மருத்துவப் படிப்புக்குப் போவதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் குழியில் விழுந்தவர்களில் நானும் ஒருத்தி. அழுது முடித்தேன், கலியாணம் கட்டி வைத்தார்கள், மெல்போர்னுக்கு வந்து இறங்கினேன். இவர் என்ஜினியர். என்னுடைய பிடிவாதம் இவருக்கு முதல் மாதமே விளங்கிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண்மணி என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எதுவும் இங்கே செல்லாது, இரசாயனம், பௌதிகம், உயிரியல் மூன்றையும் இந்த ஊரில் திரும்பப் படித்துப் பாஸ் பண்ணிக்கொண்டு வா என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

அப்படி நான் போய்ச் சேர்ந்த இடம் ஒரு டெக்னிக்கல் கல்லூரி. பகலில் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை, பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் வகுப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெரிய ஆட்கள்தான் அங்கே படித்தார்கள். ட்ராம் கண்டக்டர் ஒருவர் யூனிபோர்மோடு வந்து உட்காருவார். பிஸ்கட் பக்டரியில் வேலை செய்த ஒரு கிரேக்கப் பெண் கை முழுக்கக் கோதுமை மா மணக்க வருவாள். எனக்கு எல்லாரையும் பார்க்கப் பார்க்க ஆவல் அடங்காது. இந்த வயதில் இவர்களுக்கு இரசாயனம் என்னத்துக்கு என்று ஒவ்வொருவரையும் குடைந்து குடைந்து கேட்டேன். அவர்களும் என்னிடம் அதையேதான் கேட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பின் அறையில் நேசன் என்று ஒரு பெடியன் இருந்தான். என் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன், அவனும் தரப்படுத்தலில் விழுந்தவன். ஒரு புள்ளியால் போனது என்று சொல்லிச் சொல்லியே சாப்பிடுவான். அவனும் என்னோடு அதே கல்லூரியில் அதே பாடங்களைப் படித்தான். என் கதை வேறு, அவன் கதை வேறு. நான் பெயிலானால் அடுத்த வருடம் திரும்ப எழுதலாம். அவனுடைய விசா அந்த வருடத்தோடு முடிகிறது. பாஸ் என்றால் பல்கலைக்கழகம், பெயில் என்றால் பிளேன். அவனுடைய அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனுக்காக விரதம் இருந்தார்.

அவன் கெட்டிக்காரன், அதை நான் ஒருநாளும் இல்லை என்று சொல்லமாட்டேன். உப்புகளின் அட்டவணை முழுவதும் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவனிடம் மட்டுமா, எங்கள் ஊர் டியூசனில் படித்த எல்லாரிடமும் இருந்தது. முதலில் விடையைக் கண்டுபிடித்துவிடுவது, பிறகு விடையிலிருந்து பின்னுக்கு நடந்து, நடந்திருக்க வேண்டிய பரிசோதனையை அழகான கையெழுத்தில் எழுதிவிடுவது. அட்டவணையில் வெள்ளை என்று இருந்தால் குழாயில் மஞ்சள் தெரிந்தாலும் வெள்ளைதான். கண் பிழை விடலாம், அட்டவணை பிழை விடாது.

இரசாயன வாத்தியாரின் பெயரைச் சொல்லமாட்டேன். அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட சொக்ஸும் போட்டுக்கொண்டு வருவார். முதல் நாள் அவரைக் கண்டபோது இவர் வாத்தியாரா, தபால்காரரா என்று எனக்குச் சந்தேகம். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். நேசனுக்கும் எனக்கும் அது வாயில் வரவே இல்லை, கடைசிவரை சேர் என்றுதான் கூப்பிட்டோம். அதிகம் பேசாத மனிதர். செய்முறைச் சோதனையில் பெயிலானால் பாடமே பெயில் என்பதை மட்டும் பல தடவை சொல்லியிருந்தார்.

செய்முறைச் சோதனை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வெள்ளை உப்பு. அது என்ன என்று கண்டுபிடித்து, செய்ததையும் கண்டதையும் எழுத வேண்டும். நேசனும் நானும் ஒரே மேசை. உப்பைக் கண்டவுடனே நேசனின் முகம் மலர்ந்துவிட்டது. ஊசி ஊசியாக மின்னுகிற அந்த உப்பை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் யாரும் மறக்கமாட்டார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு வயிற்றைக் கழுவ வெறும் வயிற்றில் கரைத்துத் தருவார்களே, அதே பேதி உப்பு. மக்னீசியம் சல்பேற்று. அவன் குழாயைத் தொடமுதலே விடையை எழுதிவிட்டான்.

நான் ஒழுங்கு முறைப்படி தொடங்கினேன். உப்பை மேசையில் இருந்த காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தேன். நைத்திரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டேன். குளோரைட்டு இருந்தால் மட்டும்தான் அது கலங்க வேண்டும். பேதி உப்பில் குளோரைட்டு இல்லை. ஆனால் குழாய் கலங்கியது. அரிசி கழுவின தண்ணி மாதிரி மெல்லிய வெள்ளை.

குழாயைக் கழுவித் திரும்பவும் செய்தேன். திரும்பவும் கலங்கியது. பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். என்ன செய்ய, குணம் அப்படி. நேசனின் குழாயும் கலங்கித்தான் இருந்தது. அவனுடைய தாளில் “மாற்றம் இல்லை” என்று முத்து முத்தாக எழுதியிருந்தான்.

“நேசன், உன்ரையும் கலங்கிக் கிடக்கு.”

“அக்கா, சிவனே எண்டு எழுதுங்கோ. இது பேதி உப்பு. உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும். அப்ப ஏன் கலங்குது?”

“என்னத்துக்குக் கலங்கினா உங்களுக்கு என்ன? சோதினை முடிஞ்சாப் பிறகு ஆராய்ச்சி செய்யுங்கோ.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, மற்றச் சோதனைகள் கிடந்தன. ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. இந்த வெள்ளை எங்கேயிருந்து வந்தது? உப்பில் இல்லாதது குழாய்க்குள் எப்படி வரும்? வாத்தியார் மேசையில் வைத்த தண்ணீர்ப் போத்தலை நான் அதுவரை ஒரு சாமானாகவே நினைக்கவில்லை. நாங்கள் வளர்ந்த முறை அது. வாத்தியார் வைத்தால் அது சரி. எங்களில், எங்கள் கண்ணில், எங்கள் கையில் பிழை இருக்கலாம், வாத்தியாரின் போத்தலில் பிழை இருக்காது. உப்பே போடாமல், வெறும் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து, அமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் விட்டுப் பார்த்தேன். அதுவும் கலங்கியது. என்ரை கடவுளே! அது காய்ச்சி வடித்த தண்ணி இல்லை, குளோரைட்டு உள்ள பைப்புத் தண்ணி.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு வார்டில் ஒரு இளம் டொக்டர் இரத்தச் சீனி எக்கச்சக்கம் என்று ஒரு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். இன்சுலின் ஊசி தயாராகக் கையில். நோயாளியோ குதிரைப் பந்தயப் பக்கத்தை வாசித்துக்கொண்டு நர்ஸோடு பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு சீனி உள்ள மனிதருக்குக் குதிரையில் இவ்வளவு அக்கறை இருக்காதே என்று எனக்கு ஒரு விடுப்பு. “எந்தக் கையிலை இரத்தம் எடுத்தனீர்?” என்று கேட்டேன். குளுக்கோஸ் சேலைன் ஏறிக்கொண்டிருந்த அதே கையில், ஊசிக்கு மேல்பக்கம் எடுத்திருந்தான். ரிப்போர்ட்டில் வந்தது போத்தலில் இருந்த சீனி. மற்றக் கையில் எடுத்துப் பார்த்தோம், சீனி சுகமாக இருந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் ஆள் போயிருப்பார். உங்கள் கையில் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு போத்தல் இருக்கிறது, பிள்ளைகளே. அதை யார் நிரப்பினார்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

சரி, சோதனை மண்டபத்துக்கு வருவோம். நான் கையை உயர்த்தினேன். நேசன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். “அக்கா, விசர் வேலை பாக்காதைங்கோ” என்றான். வாத்தியார் வந்தார். இரசாயனம் முழுவதையும் தமிழில் படித்தவள் நான். வீழ்படிவு என்று வாயில் வருகிறது, ஆங்கிலத்தில் அந்தச் சொல் வரவே இல்லை. பேசாமல் இரண்டு குழாய்களையும் தூக்கிக் காட்டினேன். “இதில் உப்பு இருக்கிறது. இதில் ஒன்றுமில்லை. இரண்டும் கலங்குது” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். தானே ஒரு புதுக் குழாயை எடுத்துச் செய்து பார்த்தார். அவருடைய காது சிவந்துவிட்டது.

“எல்லாரும் நிறுத்துங்கள். தண்ணீர் பிழை. அது என் பொறுப்பு” என்றார். போத்தல்களை யார் நிரப்பினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை, அவரும் அதைத் தேடிக்கொண்டு போகவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களை மாட்டியது. “உங்களில் யார் யாருக்குக் கலங்கியது? கையை உயர்த்துங்கள்.”

கிரேக்கப் பெண் கையை உயர்த்தினாள். ட்ராம் கண்டக்டர் உயர்த்தினார். ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் எழும்பின. நேசனின் கை மட்டும் மேசையில் கிடந்தது. வாத்தியார் அவனுடைய தாளை எடுத்து வாசித்தார்.

“உனக்குக் கலங்கவில்லையா?”

நேசன் மேசையைப் பார்த்தான். குழாயை அவன் முன்னமே கழுவி வைத்துவிட்டான். வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “நீ இதே மேசை. இவனுடைய குழாய் கலங்கியதா?”

அதுபோல ஒரு கேள்வியை வாழ்க்கையில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளை. அவனுடைய அம்மாவின் விரதம். பிளேன். அந்த வகுப்பில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

“கலங்கினது சேர்” என்றான் நேசன். “நான்தான் எழுதேல்லை.”

“ஏன்?”

அவனுடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது. எங்கள் ஊரில் அட்டவணையில் இல்லாததை எழுதினால் புள்ளியை வெட்டுவார்கள் என்றான். ஒரு புள்ளியில் என் வாழ்க்கை போனது, இன்னொரு புள்ளியை விட எனக்குத் தைரியம் இல்லை என்றான். கண்ணீர் வந்துவிட்டது. ட்ராம் கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் எல்லாருடைய தாளையும் வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் திரும்பச் சோதனை என்றார். நேசனிடம், “நீயும் வா. உன்னை எழுத விடலாமா என்று நான் யோசிக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமை ஏழு நாளும் எங்கள் வீடு செத்த வீடு மாதிரி. நேசன் பின் அறையை விட்டு வரவில்லை. சோற்றைப் போட்டுக் கதவடியில் வைத்தால் தட்டு அப்படியே திரும்பி வரும். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னில் பாய்ந்தார்.

“நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சொல்லுவினம். நீர் மற்றவனையெல்லே கெடுத்துப் போட்டீர்! கலங்கினா கலங்கிப் போகுது எண்டு இருந்திருக்கலாமே?”

“தண்ணி பிழையெண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடியப்பா சும்மா இருக்கிறது?”

“அவன்ரை தாய்க்கு நீரே கடிதம் எழுதும்.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நேசனிலும் ஆத்திரம், ஒரு புள்ளிக்குப் பிள்ளைகளை இப்படிப் பயந்தாங்கொள்ளிகளாக்கிய ஊர்ச் சோதனையிலும் ஆத்திரம். ஆனால் அந்த வெறும் குழாய் கலங்கியபோது எனக்குள் எழும்பின சந்தோஷம் மட்டும் போகவே இல்லை. மெடிசின் கிடைக்குதோ இல்லையோ, இப்படிக் கண்டுபிடிக்கிற வேலைதான் எனக்கு வேண்டும் என்று அந்தக் கிழமைதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை நேசன் முகச்சவரம் கூடச் செய்யாமல் வந்தான். நாங்கள் எல்லாரும் எழுதி முடிக்கும்வரை வாத்தியார் அவனை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். அலுமாரியைத் திறந்து, “எனக்குத் தெரியாமல் ஒரு போத்தலை எடு. ஒரு கரண்டி உப்பை இவனுக்குக் கொடு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் பின்வரிசையில் இருந்த ஒரு பழைய போத்தலை எடுத்தேன். அவர் நேசனிடம் சொன்னார்: “செய்ததை எழுது. கண்டதை எழுது. உப்பின் பெயரை மட்டும் எழுதாதே. உன் தாளை வாசித்து அது என்ன உப்பு என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். என்னால் முடிந்தால் நீ பாஸ்.”

“சேர், எனக்கு இது என்ன எண்டு பார்த்தவுடனேயே தெரியுது.”

“உனக்குத் தெரியட்டும். எனக்குத் தெரியாதே.”

மற்றவர்களைப் போகச் சொல்லியும் ஒருவரும் போகவில்லை. கிரேக்கப் பெண் பையிலிருந்து உடைந்த பிஸ்கட் எடுத்து எல்லாருக்கும் பங்கு வைத்தாள். நேசன் ஒரு பக்கம் எழுதினான், கிழித்தான். திரும்ப எழுதினான். விடையைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவனுக்கு அதை விட்டுவிட்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுடைய கழுத்து வேர்வையில் தெரிந்தது. ஒரு குழாயை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றான். பிறகு ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

வாத்தியார் நின்றபடியே வாசித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். அதைச் சத்தமாக வாசித்தார்: “வெள்ளை வீழ்படிவு. அதில் மெல்லிய மண்ணிறம் தெரிகிறது. ஏனென்று எனக்குத் தெரியவில்லை.” நேசனைப் பார்த்தார். “துத்தநாக சல்பேற்று. பழைய சரக்கு, கொஞ்சம் இரும்பு கலந்திருக்கிறது.”

நான் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். துத்தநாக சல்பேற்றுத்தான். இரும்பின் கதை போத்தலில் எழுதியிருக்கவில்லை, எனக்கும் தெரியாது.

“உப்பின் பெயரை மற்ற வரிகளிலிருந்து எடுத்தேன்” என்றார் வாத்தியார். “பாஸ் போடுவது இந்த வரிக்கு.” ட்ராம் கண்டக்டர் விசில் அடித்தார். நேசன் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். என் வாயில் பிஸ்கட், கண்ணில் தண்ணீர்.

ஏனென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளே, நோயாளியின் கட்டிலடியில் நின்று இந்த வசனத்தை நீங்கள் எத்தனையோ தடவை சொல்ல வேண்டி வரும். பெரிய டொக்டர் முன்னால், சொந்தக்காரர் முன்னால், உங்களையே நம்பிக் கிடக்கிற ஆளின் முன்னால். சொல்லுங்கள். ஒருவரும் உங்களுக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள். வெட்டினாலும் பரவாயில்லை.

எனக்கு மெல்போர்னில் இடம் கிடைத்தது, நேசனுக்குச் சிட்னியில். இப்போது அங்கே அவன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அவன் புறப்பட்ட அன்று இவரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். இவர் பெட்டியை ஏற்றப் போனார். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி நேசன் அதுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பிளாட்பாரத்தில் நின்று காலால் எதையோ தட்டிக்கொண்டு கேட்டான்.

“அக்கா, அண்டைக்கு நான் வாய் திறக்காட்டி நீங்கள் சேருக்கு என்ன சொல்லியிருப்பியள்?”

பொய் சொல்லியிருக்கலாம். பயணம் போகிற பிள்ளை, மனதைக் குளிரவைத்து அனுப்பியிருக்கலாம்.

“கலங்கினது எண்டுதான் சொல்லியிருப்பன்” என்றேன்.

நேசன் சிரித்தான். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“தெரியும் அக்கா. அதாலைதான் நான் முந்தினனான்.”